ஒற்றை ஆடு எப்படிக் கூட்டமாகும்?

கேள்வி: மைன்கிராஃப்ட் விளையாடும் என் மகன், தனியே மேயும் ஆட்டைக்கூட "மொப்" என்கிறான். கட்டுக்கடங்காத கூட்டம் என்றே அகராதி பொருள் தருகிறது. எது சரி?
(வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் வெவ்வேறு சொற்கள். விளையாட்டில் வரும் "மொப்", "மொபைல்" என்பதன் குறுக்கம். 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ரோய் டிரப்ஷோ, பலர் ஒரே வேளையில் ஆடத்தக்கதும் படமேயின்றி எழுத்தாலேயே நடப்பதுமான "மட்" என்னும் கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980 இல் அதைப் பொறுப்பேற்ற ரிச்சர்ட் பார்ட்டில், அதில் மனிதர் எவரும் இயக்காமல் தாமாக உலவிய உயிரினங்களை "மொபைல்" என அழைத்தார்.

கைத்தொலைபேசியை இங்கே மறந்துவிடுங்கள். குழந்தையின் தொட்டிலுக்கு மேலே நூலில் தொங்கவிடும் பொம்மைகளுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். அவை நூலுக்குக் கட்டுப்பட்டவை; ஆயினும் காற்றுப் பட்டால் எப்பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. நிரலுக்குக் கட்டுப்பட்டிருந்தும் அடுத்து எங்கே செல்லும் என்பது ஆடுபவருக்குப் புலப்படாதபடி திரிந்த தம் உயிரினங்களில் பார்ட்டில் கண்டது இந்த ஒப்புமையையே. அழகான உவமைதான், சொல் குறுகியபோது அது மறைந்துபோனது.

அகராதி தரும் சொல் இதனினும் மூத்தது. எளிதில் அலைபாயும் மக்கள்திரளைக் குறித்த "மொபிலே வுல்குஸ்" என்னும் இலத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் முதற்சொல்லோடு நிறுத்தி, பின்னர் அதன் வாலையும் நறுக்கினர். இக்குறுக்கத்தைப் பொறாத எழுத்தாளர் ஜொனதன் சுவிஃப்ட், 1710 இல் இதழொன்றில் அதைக் கண்டித்து எழுதினார்; பயனில்லை. ஆக, அசையக்கூடியது என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேர், நூற்றாண்டுகள் இடைவிட்டு இருமுறை ஒரே விதமாக வெட்டுண்டிருக்கிறது. (நாம் வீடு துடைக்கும் மொப்புக்கு இதில் பங்கில்லை, ஆங்கிலத்தில் அதன் இறுதி எழுத்தே வேறு.)

எனவே, விளையாட்டின் "மொப்"பைத் தமிழில் "கும்பல்" என்று பெயர்ப்பது பிழை. "நடமாடி" என்பது பொருந்தும் என எனக்குத் தோன்றுகிறது. மைன்கிராஃப்டில் ஆடு, மாடு, சோம்பி எனும் நடைப்பிணம், கிராமவாசி யாவும் மொப்தான். விளையாடும் உங்கள் மகன் மட்டும் அதில் சேரமாட்டார்.