பரிசு யார் கையைப் பலப்படுத்துகிறது?

நோபல் அமைதிப் பரிசு பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள்.

ஒப்பந்தத்தில் மை காய்வதற்குள் பரிசு கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அதே நாட்டில் சண்டை மூள்கிறது. பத்து வருடம் பொறுத்து, அமைதி நிலைத்ததைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன? – ஆசிரியை ஒருவர்

உங்கள் கோபம் நியாயமானது. 1973-இல் வியட்நாம் போர்நிறுத்தத்துக்காக அமெரிக்காவின் ஹென்றி கிஸிங்கருக்கும், அவரோடு பேச்சு நடத்திய வட வியட்நாமின் லே டக் தோவுக்கும் கொடுத்தார்கள். தன் நாட்டில் இன்னும் அமைதி வரவில்லை என்று சொல்லி லே டக் தோ வாங்க மறுத்தார். தேர்வுக் குழுவிலேயே இரண்டு பேர் விலகினார்கள். கடைசியில் 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்துதான் போர் முடிந்தது.

எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது விஷயம் இன்னும் வேதனை. அண்டை நாடான எரித்திரியாவோடு சமாதானம் செய்துகொண்டதற்காக 2019-இல் அவருக்குக் கொடுத்தார்கள். 2018-இல் கொண்டாட்டத்தோடு திறந்த எல்லைச் சாவடிகள் அப்போது மறுபடி மூடிக் கிடந்தன. அடுத்த வருடம் நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கே திக்ராய் பகுதியில் போர் வெடித்தது. எரித்திரியப் படையும் எத்தியோப்பிய அரசின் பக்கம் நின்று அதில் இறங்கியது. ஒஸ்லோவில் இருந்த தேர்வுக் குழுவினர் அந்தச் சாவடிகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனாலும் பத்து வருடம் பொறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் கொலம்பியா.

நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பது வருடங்களுக்கு மேல் நடந்த போர், குறைந்தது 2,20,000 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அதிபர் சாண்டோஸின் அரசு ஃபார்க் கிளர்ச்சியாளர்களோடு ஹவானாவில் வருடக்கணக்கில் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. அதை 2016 அக்டோபர் 2-ஆம் தேதி மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 50.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வித்தியாசம் சுமார் 54 ஆயிரம் வாக்குகள்தான். ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, பரிசு சாண்டோஸுக்கு என்று அறிவிப்பு வந்தது. தோற்றுப்போனவருக்கா என்று பலர் கேட்டார்கள். எனக்கு அந்த அறிக்கையைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. மக்கள் மறுத்தது அந்த ஒப்பந்தத்தைத்தான், அமைதியை அல்ல என்று குழு தெளிவாக எழுதியிருந்தது.

சாண்டோஸ் எதிர்த்தரப்பின் ஆட்சேபங்களைக் கேட்டு, ஃபார்க்கோடு மறுபடி பேசி, ஒப்பந்தத்தைத் திருத்தினார். நவம்பர் 24-ஆம் தேதி கையெழுத்து, அந்த மாதக் கடைசியில் நாடாளுமன்ற ஒப்புதல், 2017 ஜூனில் ஃபார்க்கின் ஆயுதங்கள் ஐ.நா. கையில். இதையெல்லாம் பரிசு செய்தது என்று நான் சொல்லவில்லை. பேச்சைக் குழிதோண்டிப் புதைத்துவிடலாம் என்று இருந்த நேரத்தில் அது அவருக்கு முட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆயுதத்தைக் கீழே போட்ட முன்னாள் போராளிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் பின்னால் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால் நான் பார்ப்பது இதைத்தான்: பரிசு யார் கையைப் பலப்படுத்துகிறது? அபி அகமதுவிடம் ராணுவமும் அரசும் ஏற்கெனவே இருந்தன; பரிசு அவருக்குக் கூடுதல் கவசம் ஆனது. சாண்டோஸோ சமாதானத்துக்காகவே தன் மக்களிடம் தோற்று நின்றார். பத்து வருடம் கழித்துக் கொடுத்திருந்தால் அந்த வாரம் அது அவருக்கு உதவியிருக்காது.

சண்டையில் ஒரு தரப்புக்குத் தலைமை தாங்கியவருக்கே அமைதிப் பரிசு கொடுப்பது அநியாயம் இல்லையா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எதிரும் புதிருமாக நின்றவர்கள் கையெழுத்துப் போடாமல் சமாதானம் வராது, ஐயா. என் ஆட்சேபம் வேறு. இரண்டு பேர் சேர்ந்து செய்த சமாதானத்துக்கு ஒருவரை மட்டும் மேடை ஏற்றினால், அடுத்தவர் ஊரில் அது தோல்வியாகப் பேசப்படும். கொலம்பியாவுக்கான பரிசில் ஃபார்க் தலைவரைச் சேர்க்காமல் விட்டதில் எனக்கு வருத்தமே.

வட அயர்லாந்தில் 1998-இல், அயர்லாந்தோடு இணைய விரும்பிய தரப்பின் ஜான் ஹ்யூம், பிரிட்டனோடு இருக்க விரும்பிய தரப்பின் டேவிட் டிரிம்பிள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது சரியான முடிவு. இரு தரப்பின் சண்டையை முடிக்க வந்த பெரிய வெள்ளி ஒப்பந்தம் ஏப்ரலில் ஆனது. ஆகஸ்டில் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். அந்தச் சூழலில்தான் அக்டோபரில் அறிவித்தார்கள். ஆனால் பரிசால் வாக்கு வாங்கித் தர முடியவில்லை. சமாதானத்துக்காகத் தன் கட்சிக்குள்ளேயே வசை வாங்கிய டிரிம்பிள் 2005 தேர்தலில் சொந்தத் தொகுதியை இழந்தார். பிரிட்டனை எதிர்த்துப் போராடிய ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைக் கைவிட்டது உறுதியானதும் அதே வருடம்தான். எதிரெதிர்த் தரப்பில் நின்றுவிட்டு 2007-இல் சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்த இயன் பெய்ஸ்லிக்கும் மார்ட்டின் மெக்கின்னஸுக்கும் எந்த நோபலும் இல்லை.

பரிசு வாங்கியவர் பின்னால் தடம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

முடியாது. விதிகளில் அதற்கு வழியே இல்லை. மியான்மரில் ரோஹிங்கியா மக்கள் ஒடுக்கப்பட்ட விஷயத்தில் ஆங் சான் சூ சியின் பரிசைப் பறிக்கச் சொல்லி உலகமே கேட்டபோதும் இதுதான் பதில்.

தலைவர்களை விடுங்கள். தெருவில் இறங்கிப் போரை நிறுத்திய சாதாரணப் பெண்களுக்கு இதில் இடம் உண்டா? – கல்லூரி மாணவி

உண்டு, ஆனால் தாமதமாக. உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில் லேமா போவி திரட்டிய பெண்கள் வெள்ளைச் சட்டையோடு தலைநகர் மன்ரோவியாவில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். 2003-இல் கானாவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயே போய் மண்டப வாசலை மறித்து, முடிவு வராமல் யாரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆனது. போவிக்குப் பரிசு கிடைத்தது 2011-இல். இந்த எட்டு வருடத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தலைவர்களுக்குச் சில மாதங்களில் கிடைத்துவிடுகிறதே!

நான் வரலாற்றுப் பேராசிரியர். நானும் யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?

தாராளமாக. வரலாறு, சமூக அறிவியல், சட்டம், தத்துவம், சமயவியல் பேராசிரியர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. ஜனவரி 31-க்குள் போய்ச்சேர வேண்டும், தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. பட்டியலைக் குழு 50 வருடம் வெளியிடாது. 'இன்னார் பரிந்துரைக்கப்பட்டார்' என்று வரும் செய்திகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். தகுதியுள்ள ஒருவர் கடிதம் அனுப்பினாலே போதும், அந்தப் பெயர் பட்டியலில் ஏறிவிடும். உங்களுக்கு இருக்கும் உரிமையை வீணாக்காமல், யாரும் கேள்விப்படாத ஒரு சமாதானக் குழுவைப் பற்றி ஆதாரத்தோடு எழுதி அனுப்புங்கள். இந்த ஜனவரியிலேயே.