மாரத்தான் ஓடி நிதி திரட்டுவது எப்படி? பி.டி. மாஸ்டர் பதில்கள்

குழந்தைகள் புற்றுநோய்க்காக மாரத்தான் ஓடி நிதி திரட்ட நம்ம பக்கத்தில் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, பல வருஷமாக இப்படி ஓடி நிதி திரட்டிவரும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பதில் சொல்கிறார்.

பாலக்கோடு: மாஸ்டர், இப்ப அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். நாலு மாசத்துல முழு மாரத்தான் ஓடிட முடியுமா?

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போ தம்பி, புரிந்துவிடும். நாலு மாசத்தில் அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, தயாராகலாம். வாரம் நாலு நாள் ஓடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம், பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில். காசு கொடுப்பவர் யாரும் முழுசா பாதியா என்று அளந்து கொடுப்பதில்லை.

ஊத்தங்கரை: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே சார். சிகிச்சையே இலவசம்னா நாம எதுக்கு வசூல் பண்ணணும்?

இதைக் கேட்காமலேயே வசூலுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். குழந்தைகளுக்கு அதிகமாக வருவது ரத்தப் புற்றுநோய். அதில் ஏ.எல்.எல். என்கிற வகைக்கு சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். இங்கே அந்த அளவு குறைய ஒரு காரணம் தாமதமாகக் கண்டுபிடிப்பது, இன்னொன்று பாதியில் நிறுத்திவிடுவது.

ஏன் நிறுத்துகிறார்கள்? பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பெங்களூரு கித்வாய்க்கோ போக வேண்டும். அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் கூலிவேலையை விட வேண்டும். ரூம் வாடகை, சாப்பாடு, ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த இன்னொரு பிள்ளை, கறவை மாடு. குழந்தை கொஞ்சம் தேறி, தலையில் முடி முளைத்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று ஊர் திரும்பிவிடுவார்கள். மருந்து பாதியில் நின்று நோய் திரும்பினால் இரண்டாம் தடவை குணப்படுத்துவது ரொம்பக் கஷ்டம். காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் சில்லறைச் செலவுகளை யார் பார்ப்பது? அதனால் பயணம், தங்குமிடம், சத்தான சாப்பாடு இவற்றுக்குச் செலவு செய்கிற அமைப்பாகத் தேடிப் பிடியுங்கள். ‘விழிப்புணர்வு’ என்று பேனர் அடிக்கிறவர்களுக்கு நான் ஓட மாட்டேன். (ரயிலில் நோயாளிக்கும் உடன் போகிற ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். தெரியாத குடும்பங்களுக்குச் சொல்லுங்கள்.)

ஓசூர்: என் ஜிபே நம்பருக்கே எல்லாரும் அனுப்பட்டும், கடைசியில மொத்தமா கட்டிடறேன். சரிதானே?

வேண்டாம். நீங்கள் யோக்கியர்தான், கணக்குக் கேட்கிற மாமனுக்கு அது தெரியாது. அமைப்பின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். ரசீதும் கொடுப்பவர் பெயரிலேயே வரும். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். அதுவும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. துபாய் மச்சான் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தரலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், வெளிநாட்டு நன்கொடை பெறப் பதிவு செய்த அமைப்புதான் வாங்கலாம்.

காரிமங்கலம்: ‘நீ ஓடறதுக்கு நான் ஏன் காசு தரணும்’னு கேட்டா என்ன சொல்ல?

டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொல்லுங்கள். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த கனடாப் பையன். 1980-ல் செயற்கைக் காலோடு தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கனடாக்காரர்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்டான். 1981 பிப்ரவரிக்குள் அது வந்து சேர்ந்துவிட்டது. நீங்களும் தொகையைச் சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள். ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்றால் முடியாது என்பார்கள். ‘ஒரு குழந்தையும் அம்மாவும் சென்னை போய்வர பஸ் செலவு’ என்று கணக்குப் போட்டுச் சொன்னால் பை திறக்கும். மொட்டைத் தலைப் பிள்ளையின் படத்தைப் போட்டுக் காசு கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாயில ஏத்தம் ஓடிப் பழகலாமா?

லாரிக்கே பிரேக் நிற்காத இடம் அது. வேண்டவே வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: களி சாப்பிட்டு ஓடலாமா?

முந்தின நாள் மதியம் தாராளமாக. ஓடுகிற காலையில் வேண்டாம், வயிறு கனக்கும். வாழைப்பழம், இரண்டு இட்லி போதும். வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், நடுநடுவே உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ எடுங்கள். நாற்பது தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஷூ வாங்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை: பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். எம் பொண்ண அவனோட விளையாட விடலாமாங்க?

விடுங்கள்மா, அது ஒட்டாது. பயப்பட வேண்டியது அவன் அம்மாதான்: உங்கள் பெண்ணுக்குச் சளியோ அம்மையோ இருந்தால் அவன் பக்கம் அனுப்பாதீர்கள். சிகிச்சையில் இருக்கும்போது அவன் உடம்பில் எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைவாக இருக்கும்.

அரூர்: முட்டி வலி, ஓட முடியாது. கையில காசும் இல்ல. நான் என்ன செய்யட்டும்?

ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) கொடுக்கலாம். கீமோ எடுக்கிற குழந்தைகளுக்கு அடிக்கடி தேவைப்படும். எடுத்து ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். முட்டி வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று முதலில் ரத்த வங்கியில் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை என்றால் சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.