மாடியிலிருந்து எறிந்த பந்துக்கு எந்தச் சூத்திரம்?

கேள்வி: எறிபொருள் இயக்கத்தில் நெடுக்கம் (பொருள் கிடைத்தளத்தில் கடக்கும் தூரம்), பெரும உயரம், பறக்கும் நேரம் மூன்றுக்கும் சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். தரையிலிருந்து எறியும் கணக்குகள் சரியாக வருகின்றன. கட்டடத்தின் மேலிருந்து எறிந்தால் மட்டும் விடை தப்பாகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நெடுக்கத்துக்கும் பறக்கும் நேரத்துக்கும் நீங்கள் படித்த சூத்திரங்கள், எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொண்டு வருவித்தவை. மாடியிலிருந்து எறிந்தால் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. பெரும உயரச் சூத்திரம் செல்லும். ஆனால் அது தரும் உயரம் எறிந்த இடத்திலிருந்து அளந்தது, தரையிலிருந்து அல்ல.

கொஞ்ச நாளைக்கு மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். பந்து பக்கவாட்டில் நகர்வதும் மேலும் கீழும் நகர்வதும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டும்தான். எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் நிறுவியதும் இதை வைத்துத்தான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 40 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கிடைமட்டத்துக்கு 30 பாகை மேல்நோக்கி, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். காற்றின் தடை இல்லை. பந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

முதலில் தாளில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. கிடைத்தளக் கூறு 20 × கொசைன் 30, அதாவது 17.3. அந்தத் திசையில் முடுக்கம் இல்லை, வேகம் மாறாது. செங்குத்துக் கூறு 20 × சைன் 30, அதாவது 10. (கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்திருந்தால் சைனும் கொசைனும் இடம் மாறும், கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.)

இப்போது குறி. மேல்நோக்கி நேர்க்குறி என்று எடுத்தால், முடுக்கம் −10. தரை, எறிந்த இடத்துக்கு 40 மீட்டர் கீழே இருப்பதால் செங்குத்து இடப்பெயர்ச்சி −40. மாடிக் கணக்குகளில் பெரும்பாலான பிழைகள் இந்தக் கழித்தல் குறியை விடுவதால் வருபவை.

இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்பதில் செங்குத்துப் பக்கத்து எண்களைப் போட்டால்:

−40 = 10 × நேரம் − 5 × நேரம்²

இந்த இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகள் 4, −2. பந்து விழ ஆகும் நேரம் 4 வினாடி. அப்புறம் இடப்பக்கத்துக்கு வந்தால் தூரம் 17.3 × 4, ஏறத்தாழ 69 மீட்டர். நெடுக்கச் சூத்திரத்தில் போட்டிருந்தால் 34.6 மீட்டர்தான் வந்திருக்கும். பந்து கீழே இறங்கும் வழியில் கட்டட உச்சியின் மட்டத்தை மறுபடி தொடும் இடம் அது.

−2 என்ற தீர்வை அடித்துவிடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். இதே பாதையில் தரையிலிருந்தே பந்து வந்திருந்தால், 2 வினாடிக்கு முன் அது புறப்பட்டிருக்கும். கணிதம் பாதை முழுவதையும் காட்டுகிறது, நமக்கு வேண்டிய பகுதியை நாம் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

விடையைச் சோதிக்கவும் வழி உண்டு. விழும்போது செங்குத்து வேகம் 10 − 10 × 4 = −30, கிடைத்தள வேகம் அதே 17.3. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 34.6. ஆற்றல் அழிவின்மை விதிப்படி விழும் வேகத்தின் வர்க்கம் 20² + 2 × 10 × 40 = 1200; அதன் வர்க்கமூலமும் 34.6. சரியாகப் பொருந்துகிறது.

உச்சிப் புள்ளியில் வேகம் சுழி என்று எழுதிவிடாதீர்கள். அங்கே சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். 17.3 அப்படியே இருக்கிறது, முடுக்கமும் அங்கே அதே 10தான்.

45 பாகையில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்பதும் எறிந்த மட்டத்திலேயே விழும்போது மட்டும் பொருந்துவது. இதே பந்தை இதே மாடியிலிருந்து 45 பாகையில் எறிந்தால் சுமார் 64.7 மீட்டர்தான் போகும். இந்த வேகத்துக்கும் இந்த உயரத்துக்கும் மிக அதிக தூரம் தரும் கோணம் 30 பாகை.