கச்சான் காலத்தில் மலைக்குப் போகலாமா? மழைப் பயணக் கேள்வி பதில்

திருகோணமலையிலிருந்து மலையகத்துக்கு வான் ஓட்டுவது என் பிழைப்பு. பல்கலைக்கழக வளாக விடுமுறை நெருங்கினால் போதும், "நண்பர்கள் சேர்ந்து மழை பார்க்கப் போகிறோம்" என்று ஒரே மாதிரியான விசாரிப்புகள் வந்து குவியும். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பாதை, வண்டி, மழை பற்றிக் கேளுங்கள். விடுதி வாடகையும் படம் எடுக்கும் இடங்களும் என் துறை அல்ல.

கோணேசபுரி வளாக மாணவர்: அண்ணா, ஜூலையில் எட்டுப் பேர் மலைக்குப் போக இருக்கிறோம். இங்கே கச்சான் காற்றும் வெயிலும் மண்டையைப் பிளக்கின்றன. அங்கே மழை இருக்குமா?

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்றவர்களும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நமக்கு மழைக்காலம் என்றால் வாடை வீசும் மாதங்கள். மலையகத்துக்கு அப்படி இல்லை. அங்கே இரண்டு பருவமழை, மலைக்கும் இரண்டு பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தில் கொட்டித் தீர்க்கும். நமக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 1,600 மில்லிமீட்டர் அளவில். வட்டவளைக்குக் கிடைப்பது சுமார் 5,000. மழையைக் கொட்டிவிட்ட அதே காற்று, மலையைத் தாண்டிக் காய்ந்துபோய் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வாசனை கூடுவது அந்த வறண்ட காற்றால்தான். அந்தக் காற்றுதான் இன்னும் கீழே இறங்கி, நம் வீட்டு வாசலில் கச்சானாக மண்ணை வாரி வீசுகிறது.

ஜூலையில் நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் போய்ப் பாருங்கள். ஹக்கலை வரை வைப்பர் ஓயாது. அதைக் கடந்து கொஞ்சம் இறங்கினால் வீதி காய்ந்து கிடக்கும், தோட்டத்தில் குழாய் வைத்து நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மழை வேண்டுமானால் ஹட்டன் பக்கம் போங்கள். குளிர் மட்டும் போதும், நனைய வேண்டாம் என்றால் பண்டாரவளை, ஹப்புத்தளை.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இது தலைகீழ். வடகீழ்ப் பருவமழை நம்மையும் நனைத்து, பதுளைச் சரிவையும் மாத்தளையின் கிழக்குப் பக்கத்தையும் நனைக்கும். அப்போது ஹட்டனில் வெயிலும் பனியுமாக இருக்கும். இடையில் வரும் ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கத்தையும் நம்ப முடியாது. காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பிறகு இடி மின்னல். நவம்பர், டிசம்பரில் புயலும் வரலாம்.

சாம்பல்தீவு: எந்தப் பாதை நல்லது? எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. சுமார் 180 கிலோமீட்டர். அங்கிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா இன்னும் 77. பொலன்னறுவை, மகியங்கனை வழியாகப் போய்ப் பதினெட்டு வளைவில் ஏறலாம்தான், அழகான பாதை. ஆனால் வடகீழ் மழையில் அங்கே கல் உருளும். புதிதாக ஓட்டுபவருக்குச் சரிப்படாது.

இரவு பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டு விடியும்போது மலையில் நிற்கும் திட்டம் எல்லாருக்கும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியைக் கடக்கும். இருட்டில் யானை கறுப்பு, தார் கறுப்பு. கிட்டப் போகும்வரை தெரியாது. காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் கந்தளாய் தாண்டும்போது விடிந்திருக்கும். பின்னேரம் நான்கு மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்காதீர்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது விடியுமுன். அதே ஆண்டு செப்டெம்பர் 4 அன்று எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தது இரவில்.

உவர்மலை: டிசம்பரில் போனால் மழை இருக்குமா?

முதல் பதில்.

கிண்ணியா: அண்ணன், ஐந்து பேர் ஓர் அல்டோ காரில் போகலாமா?

ஏறும். முதலாம், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். ஐந்து பேருடைய பையும் கூரையில் என்றால் வேண்டாம். டயரைப் பாருங்கள்: பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் அது மொட்டை டயர். வெயிலில் ஓடும், ஈரத்தில் நீரின்மேல் மிதக்கும். வாடகைக் கார் என்றால் கூரை உரசலைப் பார்ப்பதற்கு முன் நான்கு டயரையும் பாருங்கள்.

நிலாவெளி மாணவி: அண்ணா, அட்டைக்கு என்ன செய்வது?

சவர்க்காரத்தை உலர்வாகக் கணுக்காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை. சித்தாலேப தைலம் பூசுபவர்களும் உண்டு. கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாயோரம் நெம்பி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை.

அன்புவழிபுரம்: நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறக்கம்தானே. நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்கிறான் நண்பன். உண்மையா?

அந்த நண்பனைப் பின் ஆசனத்தில் உட்கார வையுங்கள்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்கு வருவதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். நியூட்ரலில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். தட்டு சூடாகும், பிரேக் எண்ணெய் கொதிக்கும், குழாய்க்குள் ஆவிக்குமிழி சேரும். மிதி காலோடு போகும், வண்டி நிற்காது. பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இதிலே எஞ்சினையும் அணைத்துவிடும் புத்திசாலிகள் உண்டு. இரண்டு மூன்று மிதியோடு பிரேக்கின் உதவி விசை தீர்ந்துவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

கந்தளாய் மெக்கானிக்: இது சும்மா பயங்காட்டல். கார்புரேட்டர் காலத்திலிருந்து நாங்கள் நியூட்ரலில்தான் இறங்குகிறோம். எரிபொருள் மிச்சமாவது உண்மை.

கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சமாகும், மறுக்கவில்லை. இன்றைய வண்டியில் கியரில் வைத்து மிதியிலிருந்து காலை எடுத்தால் கணினி பெற்றோலை முழுவதும் நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் எந்தப் பக்கம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கந்தளாய் மெக்கானிக்: என் டொல்பின் வான் பழைய டீசல். அதற்குக் கணினி ஏது?

பம்புக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறதே, மெக்கானிக்குக்கு நான் சொல்ல வேண்டுமா? காலை எடுத்ததும் வேகம் ஐட்லுக்கு மேலே இருந்தால் டீசலை அதுவே அடைக்கிறது.

மூதூர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி: ஏறிய கியரிலேயே இறங்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிரேக்கில் மட்டும் காலை லேசாக வைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஐயா, முதல் பாதிக்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். இரண்டாவது பாதியில் உடன்பாடில்லை. லேசாக வைத்துக்கொண்டே வந்தால் தட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது. நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். இறம்பொடைக்குக் கீழே தேநீர்க் கடைகளில் நின்று பாருங்கள்: முன்சக்கரத்திலிருந்து நீலப் புகை எழும், கருகிய நாற்றம் மூக்கைத் துளைக்கும், சாரதி ஒரு போத்தல் குளிர்ந்த நீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார். அதுவும் கூடாது. கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டால் வெடிப்பு விழும். அரை மணி நேரம் சும்மா நிறுத்தினால் தானாக ஆறும்.

மூதூர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி: பஸ்ஸின் காற்றுப் பிரேக் வேறு, உங்கள் வானின் பிரேக் வேறு. நீண்ட இறக்கத்தில் விட்டு விட்டு மிதித்தால் காற்று தீரும்.

அது சரி. காற்றுப் பிரேக் என் துறை அல்ல. கார், வான்காரர்கள் என்னைக் கேளுங்கள்.

கந்தளாய் மெக்கானிக்: மழையில் திடீரெனக் கியரைக் குறைத்தால் சக்கரம் வழுக்கும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இது கவனிக்க வேண்டிய பேச்சு. ஈரத்தில், வளைவுக்குள் நுழைந்தபின் மூன்றிலிருந்து ஒன்றுக்குத் தட்டினால் கட்டாயம் வழுக்கும். அதனால்தான் இறக்கம் தொடங்குமுன், நேர் வீதியிலேயே, கியரைத் தெரிவு செய்ய வேண்டும். அது நியூட்ரலுக்குச் சாதகமான சாட்சி ஆகாது.

தம்பலகாமம்: ஹைபிரிட் வண்டிக்கும் இதுதானா?

ஆம். பி என்று ஒரு நிலை இருக்கும், இறக்கத்தில் அதில் போடுங்கள். பற்றரி நிறைந்துவிட்டால் டி நிலையில் பிடிமானம் குறைந்துவிடும். ஓட்டோ கியர் என்றால் எல் அல்லது 2.

அன்புவழிபுரம்: கேள்வி கேட்டவன் நான்தான். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியால் இறங்கினால் சீக்கிரம் போகலாமாமே?

நியூட்ரலில் இறங்க நினைத்தவர் கேட்க வேண்டிய கேள்விதான்! 2023 ஜனவரி 20 அன்று அந்தக் குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் பஸ்ஸில் வந்தவர்கள் அல்லர். கனரக வாகனங்களுக்கு அங்கே தடை. காருக்குத் தடை இல்லை என்றாலும் பிரதான வீதியால் போங்கள். மிச்சமாகும் நேரத்தில் என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

கந்தளாய் மெக்கானிக்: இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்...

வேண்டாம். நியூட்ரல் முடிந்தது. அடுத்தவர்.

சீனக்குடா: ஓகஸ்டில் மலையில் மழையா?

முதல் பதில், முதல் பதில்.

கன்னியா: பனிமூட்டத்தில் நான்கு பக்கச் சிமிட்டு விளக்கையும் போட்டு ஓட்டுவது பாதுகாப்புத்தானே?

இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. தாழ்ந்த முகப்பு விளக்கைப் போடுங்கள். உயர்ந்த விளக்கு பனியில் பட்டு உங்கள் கண்ணையே குருடாக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா, வீதியை விட்டு முழுவதும் விலகி நிறுத்திவிட்டுச் சிமிட்டு விளக்கைப் போடுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருபவருக்கு வழி விடுங்கள். நான்கு மணிக்குள் தங்குமிடம் என்றேனே, மறக்கவில்லையே?

கோணேசபுரி, இன்னொரு மாணவர்: அருவியில் குளிக்கலாமா அண்ணா? அதற்காகத்தானே மழையில் போவது!

தம்பி, பார்ப்பதற்குப் போங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டில் மழை கொட்டியிருக்கும். நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடுப்பைத் தேடாமல் கரையேறுங்கள். தியலும அருவியின் உச்சிக் குளங்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். 220 மீட்டர் உயரத்தின் விளிம்பு அது. நமக்குக் கடல் பழக்கம், அதனால் ஒரு மிதப்பு. கடல் இழுத்தால் மிதக்க இடமிருக்கிறது. அருவி இழுத்தால் பாறைதான்.

உவர்மலை: ஹோட்டன் சமவெளி?

காலை ஆறு மணிக்கே வாசலில் இருங்கள். பத்து மணிக்குப் பிறகு 'உலக முடிவு' என்னும் செங்குத்து விளிம்பில் பனிமூட்டம் வெள்ளைச் சுவராகத்தான் தெரியும். பொலித்தீன் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்.

தம்பலகாமம்: மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்கிறார்களே, மஞ்சளில் போகலாமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். மஞ்சள் என்பது அங்கே குடியிருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய நிலை. நீங்கள் குடியிருப்பவரும் இல்லை, அந்த மண்ணை அறிந்தவரும் இல்லை. எனவே மஞ்சளென்றால் மறுபக்கச் சரிவுக்குத் திட்டத்தை மாற்றுங்கள். செம்மஞ்சளென்றால் வீட்டில் இருங்கள்.

வழியில் சாய்ந்த மின்கம்பம், வீதியில் புதிய வெடிப்பு, ஊற்றுநீர் சேறாக வருவது, இவற்றைக் கண்டால் அவ்விடத்தில் தேநீர் குடிக்க நிற்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியாபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பாதைகளையே அறுத்துக்கொண்டு போனது. கைபேசி வரைபடம் காட்டும் ஒவ்வொரு குறுக்குப் பாதையும் இன்னும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புறப்படுவதற்கு முதல்நாள் தங்குமிடத்துக்கு அழைத்துப் பாதை எப்படி என்று கேளுங்கள். மழையைப் படம் எடுக்கப் போகும் இடத்தில் ஆட்கள் வாழ்கிறார்கள். இடிந்த வீட்டுக்கு முன்னால் கூட்டமாக நின்று படம் எடுக்காதீர்கள்.

சாம்பல்தீவு: வளைவுகளில் வாந்தி வருகிறது.

முன் ஆசனம், வயிற்றில் அரைச் சாப்பாடு, கைபேசியைப் பார்க்காதீர்கள். இஞ்சி மென்றால் நல்லது.

கிண்ணியா: எந்த மாதம் போனால் மழை பார்க்கலாம்?

...

ஒரு தாய், அன்புவழிபுரம்: தம்பி, மகள் வளாக நண்பர்களோடு போகக் கேட்கிறாள். விடலாமா?

அக்கா, விடுவதும் விடாததும் உங்கள் வீட்டு விஷயம். அதில் நான் தலையிட மாட்டேன். மகளிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஓட்டுவது யார், அவர் மலையில் ஓட்டியிருக்கிறாரா? முந்திய இரவு அவர் தூங்குவாரா? முதல் இரவு தங்கும் இடம் எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்கள்? மழை கூடினால் மாற்றுத் திட்டம் என்ன? "அண்ணாமார் பார்த்துக்கொள்வார்கள்" என்பது இவற்றுக்குப் பதில் ஆகாது. சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் ஓட்டும்போது அழைக்காதீர்கள், மகளை அழையுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை மகளுடைய கைபேசியில் இன்றே பதிந்துவிடச் சொல்லுங்கள்.