எச்.டி.எல். அளவைக் கூட்ட மாத்திரை உண்டா?

எச்.டி.எல். 34 என்று குறைவாக வந்திருக்கிறது, இந்த ‘நல்ல கொலஸ்ட்ராலை’ ஏற்றிவிடும் மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே கேள்வியோடு மயிலாப்பூரில் ஓர் இதய மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தவன். எச்.டி.எல். 33 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு எடுத்துப்போயிருந்தேன். அவரோ அதை விட்டுவிட்டு, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். 142 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். “சார், எச்.டி.எல். பரீட்சை மார்க் இல்லை, கூடினால் பாஸ் என்று சொல்ல” என்றார்.

அந்த வட்டத்தின் பொருள் விளங்க, சி.இ.டி.பி. என்ற புரதத்தைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் இது ஒரு பண்டமாற்றுத் தரகர்: எச்.டி.எல். துகளிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்து எல்.டி.எல்.லிடமும் வி.எல்.டி.எல். என்ற இன்னொரு வகைக் கொழுப்புத் துகளிடமும் சேர்த்துவிட்டு, பதிலுக்கு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை வாங்கிவருகிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாத சில ஜப்பானியக் குடும்பங்களில் எச்.டி.எல். மிக அதிகமாக இருப்பது 1980களின் இறுதியில் தெரியவந்ததும், தரகரைத் தடுத்தால் மாரடைப்பும் குறையும் என்ற கணக்கில் பெரிய மருந்து நிறுவனங்கள் இறங்கின.

முதலில் வந்தது ஃபைசரின் டார்செட்ராபிப். சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. காகிதத்தில் இதைவிட அழகான அறிக்கை இருக்க முடியாது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் 93 பேரும் எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும், உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனையும் ஏற்றியது பின்னர் தெரிந்தது. அடுத்து ரோஷ் நிறுவனத்தின் டால்செட்ராபிப் 2012இலும், எலி லில்லியின் எவாசெட்ராபிப் 2015இலும் பலன் இல்லை என்று கைவிடப்பட்டன. எவாசெட்ராபிப் எச்.டி.எல்.லை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியும் மாரடைப்பு குறையவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பலன் காட்டியது மெர்க்கின் அனாசெட்ராபிப் ஒன்றுதான். ஏற்கெனவே எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 30,449 பேரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கண்காணித்து 2017இல் வெளியான முடிவில், மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகள் 11.8 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாகக் குறைந்திருந்தன. எச்.டி.எல். இரு மடங்கானதற்கு இது மிகச் சொற்பம்; ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கியதோ, அதற்கு மட்டும் எதிர்பார்க்கக்கூடிய பலனோடு இது ஏறக்குறைய ஒத்துப்போனது. மருத்துவர் போட்ட வட்டம் எனக்கு விளங்கியது இங்கேதான். உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் அந்த மருந்தையும் மெர்க் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.

இப்போது பேசப்படுவது இதே வகையைச் சேர்ந்த ஒபிசெட்ராபிப். 2025இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது எல்.டி.எல். மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மருந்தைச் செய்பவர்களே இப்போது எச்.டி.எல்.லை முன்னிறுத்துவதில்லை, எல்.டி.எல்.லைத்தான் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மாரடைப்பைத் தடுக்கிறதா என்று பார்க்கும் பெரிய சோதனை தனியாக நடக்கிறது.

ஆகவே எச்.டி.எல்.லை ஏற்றி மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பிக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை எதுவும் இல்லை. எனக்கு மருத்துவர் இரவில் ஒரு ஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார். நடையும் சோற்றளவும் என் பொறுப்பு. மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 81, எச்.டி.எல். 35; அந்த வரி இன்னும் தடித்த எழுத்தில்தான் வருகிறது. உங்கள் கேள்வியில் எல்.டி.எல். எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. மருத்துவரிடம் போகும்போது அந்த வரியை முதலில் காட்டுங்கள்.