மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவை வாங்கலாமா?

கேள்வி: மஞ்சள் கொண்டையுள்ள சிறிய வெள்ளைக் காக்கட்டூ (ஒரு கிளி வகை) ஒன்று விலைக்கு வருகிறது. "ஆஸ்திரேலியப் பறவை, அங்கே ஏராளம், சட்டச் சிக்கல் எதுவும் இல்லை" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஏராளமாக இருக்கும் பெரிய மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ 45 முதல் 55 செ.மீ. நீளம் இருக்கும். உங்களிடம் காட்டியது 35 செ.மீ.-க்குள் இருந்து, கன்னத்தில் மஞ்சள் திட்டும் பளிச்சென்று தெரிந்தால், அது பெரும்பாலும் இந்தோனேசியத் தீவுகளின் சிறிய இனம். கொண்டை ஆரஞ்சு நிறமானால், அது இந்தோனேசியாவின் சும்பா தீவுக்கே உரிய இனம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே 'மிக அருகிய' வகை.

சிறிய மஞ்சள் கொண்டை இனத்தில், இனப்பெருக்க வயதை எட்டிய காட்டுப் பறவைகள் 2,000-க்கு மேல் இருக்காது என்பது மதிப்பீடு. இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. கொமோடோ தேசியப் பூங்காவில் ஓரளவு நல்ல கூட்டம் உள்ளது. ஜாவா கடலின் மசாகம்பிங் என்ற குட்டித் தீவில் வாழும் துணை இனம் 2008-இல் பத்துப் பறவைகளாகச் சுருங்கியிருந்தது. கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்த சுமார் 200 பறவைகள் ஹாங்காங் பூங்காக்களில் திரிகின்றன. காட்டில் மிஞ்சியதோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கை அல்ல. கூண்டு வணிகம் காட்டை எவ்வளவு காலிசெய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1980-களில் பல்லாயிரக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். கூடவே காடும் போனது. இந்தப் பறவை தானாகப் பொந்து குடைவதில்லை. பெரிய மரங்களில் இயற்கையாக உண்டான பொந்துகளையே நம்பியிருக்கிறது. சும்பாவில் அந்தப் பொந்துகளுக்கு இருவாட்சியும் மற்றக் கிளிகளும் போட்டியிடுகின்றன. ஓர் ஈட்டுக்கு இரண்டு அல்லது மூன்று முட்டைகள்தான். அவற்றிலும் குஞ்சு பறக்கும் நிலைவரை வருவது குறைவு. பல பத்தாண்டுகள் வாழும் பறவை என்பதால் மரத்தில் கூட்டமாகத் தெரியும். ஆனால் குஞ்சே பொரிக்காத முதிய பறவைகளாகவும் அவை இருக்கலாம். ஆகவே தலையை மட்டும் எண்ணி நிம்மதி அடையக் கூடாது. பிடிப்பதை நிறுத்தினால் பலன் உண்டு என்பதும் உண்மை: சும்பாவில் 1990-களின் தொடக்கத்தில் தடை வந்தது, 2002-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது ஆய்வுக் காடுகளில் பறவைகளின் அடர்த்தி கூடியிருந்தது.

இனி சட்டம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இந்த இனம் 2005 முதல் இருக்கிறது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல அனுமதியே இல்லை. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் சைட்ஸ் இனங்களை வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் தெரிவிக்க வேண்டும். முதல் பட்டியல் இனத்தை இனப்பெருக்கம் செய்பவருக்குத் தனி உரிமம் தேவை.

எனவே விற்பவரிடம் பதிவுச் சான்றையும், இங்கே பிறந்தது என்றால் இனப்பெருக்க உரிமத்தையும், இறக்குமதி என்றால் சைட்ஸ் அனுமதியையும் கேளுங்கள். அந்த அனுமதியில் மூலக் குறியீடு 'டி' என்று இருந்தால், பதிவுபெற்ற பண்ணையில் வணிகத்துக்காக வளர்த்தது. 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. ஆவணத்தில் உள்ள அறிவியல் பெயர் 'கக்காட்டுவா சல்ஃபூரியா'வா, ஆஸ்திரேலிய இனமான 'கக்காட்டுவா கலெரிட்டா'வா என்று பாருங்கள். பெரிய இனத்தின் தாளைச் சிறிய பறவைக்குக் காட்டினால் அதுவே போதிய எச்சரிக்கை. கால் வளையம் இணைப்பே இல்லாத மூடிய வளையமாக, எண்ணோடு இருக்க வேண்டும். அதைக் குஞ்சுப் பருவத்தில்தான் மாட்ட முடியும். வெட்டி மாட்டிய திறந்த வளையம் எந்த வயதிலும் போடக்கூடியது, எதையும் நிரூபிக்காது.

தாள் இல்லையென்றால், இரக்கப்பட்டு மீட்பதாக நினைத்துக்கூட வாங்காதீர்கள். காலியான கூண்டுக்கு அடுத்த பறவை வரும். வாங்கிவிட்டிருந்தால் வெளியே பறக்கவிட வேண்டாம். வனத்துறையிடமோ, சென்னையில் உள்ள வனவுயிர்க் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகத்திடமோ தெரிவியுங்கள்.