கப்பலில் ஒரு செமஸ்டர்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவில் இளங்கலை படித்தபோது ஒரு பருவத்தை ‘செமஸ்டர் அட் சீ’ கப்பலில் கழித்தேன். பல நாட்டுத் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டே கப்பலிலேயே கல்லூரிப் பாடம் படிக்கும் திட்டம் அது. அதைப் பற்றிச் சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

அக்கா, இது மெர்ச்சன்ட் நேவி படிப்பா? கப்பல் ஓட்டக் கற்றுத் தருவார்களா? (பிளஸ் டூ மாணவர்)

இல்லை தம்பி. கப்பல் ஓட்ட மாலுமிகள் தனியாக இருக்கிறார்கள். நாம் படிப்பது வரலாறு, பொருளாதாரம், உயிரியல், இலக்கியம் போன்ற வழக்கமான பாடங்கள்தான். ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று மதிப்பெண் பட்டியல் தரும். முன்பு பிட்ஸ்பர்க், பிறகு வர்ஜீனியா, 2016இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பொறுப்புக்கு வந்தது. ஆனால் கப்பலில் படித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளை (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அலகுகளை) உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இந்த யோசனை பழையது. 1926 செப்டம்பரில் ‘ரின்டாம்’ என்ற கப்பல் நியூயார்க்குக்கு எதிர்க்கரையான ஹோபோக்கனிலிருந்து சுமார் 500 மாணவர்களோடு கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு மறு ஆண்டு மே மாதம் திரும்பியது. இப்போதைய திட்டத்தின் வேர் 1963இல் இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், இது படிப்பா, ஊர் சுற்றலா? (கோவை, கல்லூரி ஆசிரியர்)

நியாயமான கேள்வி, சார். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் வகுப்பு கிடையாது. அதற்கு ஈடாகக் கடலில் இருக்கும் நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. பாடங்களை இரண்டாகப் பிரித்து ‘ஏ’ நாள், ‘பி’ நாள் என்று மாறி மாறி வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஒரு முழு நாள் களவகுப்பு, அதாவது வெளியே நேரில் போய்ப் படிக்கும் வகுப்பு, உண்டு. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

நான் கற்றதில் பாதி சாப்பாட்டு மேசையில்தான். பாடம் எடுத்த பேராசிரியர் இரவு உங்கள் பக்கத்திலேயே தட்டோடு வந்து உட்காருவார், அவர் குழந்தைகள் காரிடாரில் ஓடி விளையாடுவார்கள். நோபல் அமைதிப் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு 2007இலும் 2013இலும் இந்தக் கப்பலில் மாணவர்களோடு பயணம் செய்திருக்கிறார். கரையில் அப்படிப்பட்ட மனிதரை மேடையில் பார்ப்போம். கப்பலில் காலைச் சாப்பாட்டு வரிசையில் பார்க்கலாம்.

குமட்டல் வருமா? (பெயர் சொல்ல விரும்பாதவர்)

வரும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தலை சுற்றினால் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தையே பாருங்கள். வெறும் வயிறு கூடாது. மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். எனக்கு மூன்று நாளில் பழகியது, என் அறைத்தோழிக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மகள் போக ஆசைப்படுகிறாள். பயமாக இருக்கிறது. மொட்டை வேறு அடிப்பார்களாமே? (மதுரை, ஒரு தாய்)

அம்மா, மொட்டை கட்டாயமில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டும் நாளை ‘நெப்டியூன் நாள்’ என்று கொண்டாடுவார்கள். அது கடலோடிகளின் பழைய வழக்கம். விரும்பியவர்கள் முடி எடுப்பார்கள், பெண் பிள்ளைகளும்தான். என் அறைத்தோழி எடுத்தாள், நான் எடுக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் பயத்தை மறைக்கச் சொல்ல மாட்டேன். 2005 ஜனவரியில் வட பசிபிக்கில் இந்தத் திட்டத்தின் அப்போதைய கப்பலான ‘எக்ஸ்ப்ளோரர்’ஐப் பெரிய அலை ஒன்று தாக்கி, கப்பலை இயக்கும் அறையின் கண்ணாடியை உடைத்தது. எஞ்சின்கள் பாதிக்கப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லாமல் கப்பல் ஹொனலுலு போய்ச் சேர்ந்தது. உயிர்காப்புப் பயிற்சிக்கு மணி அடித்தால் விளையாட்டாக எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். என்னைக் கேட்டால், கடலைவிடக் கரையில்தான் கூடுதல் கவனம் வேண்டும்: தெரியாத ஊரில் இரவில் தனியாக அலையக் கூடாது, கப்பல் கிளம்பும் நேரத்தை மறக்கக் கூடாது. தாமதமாக வந்தால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடமாட்டார்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

இந்திய பாஸ்போர்ட்டில் போக முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் போனேன். ஆனால் அமெரிக்கத் தோழிகள் விசா இல்லாமல் இறங்கிய பல நாடுகளுக்கு நான் முன்கூட்டியே விசா எடுத்தேன். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். அமெரிக்கா திரும்புவதற்கான விசா செல்லுபடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வழித்தடத்தைப் பொறுத்துத் தேவைப்படும்.

மறக்க முடியாத நாள் எது அக்கா? (திருச்சி, பி.ஏ. மாணவி)

இரண்டு உண்டு. ஹவாயிலிருந்து ஜப்பான் போகும் வழியில் சர்வதேசத் தேதிக்கோட்டை, அதாவது தாண்டினால் தேதி மாறும் கற்பனைக் கோட்டை, கடந்தோம். இரவு படுத்து எழுந்தால் நாட்காட்டியில் ஒரு தேதியே இல்லை! மேற்கே போகப் போகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்படித் தள்ளும் நாளுக்கு 25 மணி நேரம். பறிகொடுத்த அந்த ஒரு நாளைத்தான் மணி மணியாக வாங்கிக்கொண்டிருந்தோம் என்று பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று சென்னை. அப்போதெல்லாம் கப்பல் அங்கே நிற்கும், பின்னர்தான் கொச்சிக்கு மாறியது. விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றேன். மெரினாவுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆனால் என் ஊரைக் கடலிலிருந்து பார்த்தது அன்றுதான். தோழிகளைப் பாரிமுனைக்கு நடத்திக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். சில நாள் கழித்துக் கப்பல் கிளம்பியபோது மற்றவர்கள் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். எனக்குக் கை எழவில்லை. கலங்கரை விளக்கம் மறையும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.